அடம்பிலையும் ஆராய்ச்சியும்

நோவு உயிர்களுக்கெல்லாம் பொது. ஆயினும் அதனை அளக்குங் கோல் நோவுற்றவனிடத்தேயே உளது. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதியின் அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. நோவினை அளக்கவோ, நோவுற்றவன் வாய்ச்சொல்லன்றி வேறு சான்றில்லை. அவ்வாய்ச்சொல்லும் அச்சத்தாற் பெருகும், ஆறுதலாற் சுருங்கும். இதனாலேயே நோவு தீர்ப்பனவென்று சொல்லப்படும் மருந்துகளைப்பற்றி மெய்யும் பொய்யும் விரவிய செய்திகள் எந்நாட்டிலும் மலிந்து கிடக்கின்றன. நம் நாட்டுப் பச்சிலைகளைப்பற்றியும் நம்மிடையே இரு கட்சிகள் உள. 'முன்னோர் கண்டது பொய்க்குமோ?' என்பர் ஒரு சாரார். 'பாட்டி வைத்தியம் படித்தவர்க்கு அடுக்குமோ?' என்பர் மற்றொரு சாரார். முன்னவர் இலையைக் கும்பிடுகின்றனர். பின்னவர் இலையை எறிகின்றனர். ஆயினும் இருவரும் அதனைச் சோதித்துப் பார்த்திலர். சோதித்தலே அவ்விலைக்கும் அதனை நம்பிக் கட்டிக்கொள்வோர்க்கும் நாம் செய்யத்தக்க மரியாதை என்பது என் துணிபு.

இதனைப் பொதுப்படக் கூறாது, எங்கள் ஊர்க் கரையில் வைத்தே கூற விரும்புகின்றேன். பெரியதாழை, தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் வட்டத்தில், மணப்பாட்டுக்குத் தென்மேற்கே கடலையொட்டி அமைந்த ஊர். பின்னே செந்நிறத் தேரியும் பனையும்; முன்னே மன்னார் வளைகுடா. ஆடவர் பெரும்பாலோர்க்குக் கடலே வயல். அவ்வயலில் மீனொடு முள்ளும் விளையும். வலையை உதறும்போது திருக்கையின் வால்முள் காலிற் பாயும். கெளுத்தியின் முள் கையிற் குத்தும். கரைவலை இழுப்போர் தொடையிலும் தோளிலும் சொறியின் இழைகள் சாட்டைபோற் சுற்றிக்கொள்ளும். புயலுக்கு அஞ்சாதவரும் திருக்கை முள் பட்டவிடத்துக் குழந்தைபோல் அழுவதை யான் கண்டதுண்டு. அவ்வேளையில் முதியோர் செய்வன பல. வெந்நீரிற் காலை அமிழ்த்துவர், சுடுமணலிற் புதைப்பர், சிலர் கரையிற் படர்ந்துள்ள அடம்பின் இலையைப் பறித்து அனலில் வாட்டிக் கட்டுவர். இவையேயன்றி, வலையிழுத்த தோள்வலிக்கு நொச்சியிலையை வேகவைத்து ஒற்றுதலும், முழங்கால் வலிக்கு எருக்கிலையில் எண்ணெய் தடவி வாட்டி இடுதலும், முடக்கற்றானை அரைத்து மாவிற் கலந்து தோசை வார்த்தலும் இப்பக்கத்து வீடுகளில் வழக்கமே.

இவற்றுள் அடம்பினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அடப்பங்கொடி யென்றும் வழங்கும் இக்கொடி, வேறெப்பயிரும் அஞ்சும் உப்புமணலில் வேரூன்றி, அலைவாய்வரை ஓடிப் படர்ந்து, ஊதாநிறப் பூக்களைத் தாங்கி நிற்கும். தமிழ் பயில்வோர்க்கு இது புதியதன்று. நெய்தற்றிணைப் பாடல்களில் அடும்பு என்னும் பெயரால் இது பலவிடத்தும் வருகின்றது. குறுந்தொகைப் புலவரொருவர், பிளவுபட்ட இதன் இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டார். மேனாட்டுப் பயிர்நூலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே என்பது. அதன் பிற்பகுதிக்கு 'ஆட்டின் அடி' என்று பொருள். நம் புலவர் மானைக் கண்ட இடத்து அவர்கள் ஆட்டைக் கண்டனர்; இருவர் கண்டதும் ஒரே குளம்பினையே. நம் புலவர் கண்டதோடு நின்றார். அது புலவர்க்குப் போதும். மேனாட்டார் கண்டபின் அதனைச் சோதிக்கவும் புகுந்தனர். அவரைக் கண்டு நாமும் புகுதல் வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.

சோதனை ஏற்கெனவே தொடங்கிவிட்டது; ஆனால் நம் கரையில் அன்று. தாய்லாந்து நாட்டுக் கடற்கரையிலும் சொறி பட்டவிடத்து இவ்வடம்பையே பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அந்நாட்டு அறிஞர் வசுவத் என்பார், அடம்பின் சாறு சொறியின் நஞ்சினையும், உடலில் அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளையும் எதிர்த்து நிற்கின்றதெனக் கண்டு, 1970ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார். 1991இல் பொங்பிரயூன் முதலியோர் சொறிவகை பலவற்றின் நஞ்சுகளை இச்சாற்றோடு சேர்த்து ஆராய்ந்தனர். 2000ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர் இக்கொடியின் மெத்தனால் சாற்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, அது நோவைக் குறைக்கின்றதென அறிவித்தனர். நம் நொச்சிக்கும் இத்தகைய சோதனை நடந்துள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகத்தார் முற்றிய பச்சை நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளிற் சோதித்து, அது வீக்கத்தையும் நோவையும் தணித்ததென 2003இல் வெளியிட்டனர். 2005இல் ஜம்முவிலிருந்தும் நொச்சியிலையைப்பற்றிய அத்தகைய ஆய்வொன்று வெளிவந்தது.

எலியின் நோவை எங்ஙனம் அளப்பர் என்று வினவலாம். எலி வாய்திறந்து சொல்லாது. ஆதலின் அதன் செயலையே சொல்லாகக் கொள்வர். சூடேற்றிய தட்டின்மேல் அதனை விட்டு, அது காலை நக்கவோ குதிக்கவோ எத்துணை நொடி பொறுக்கின்றதென எண்ணுவது ஒரு முறை. வாலிற் சூடு காட்டி, அது வாலைச் சுண்டும் நேரத்தைக் குறிப்பது மற்றொரு முறை. சுண்டெலியின் வயிற்றில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்தி, அது உடலை முறுக்கும் தடவைகளை எண்ணுவது மூன்றாவது. பாதத்திற் பார்மலின் செலுத்துவது நான்காவது. இதில் முதற் சில நிமிடங்களின் நோவு நரம்பினை நேரே தாக்குவது, பின்னர் எழும் நோவு வீக்கத்தாற் பிறப்பது என இரு கூறாகப் பிரித்தறிவர். மருந்து பெற்ற எலிகளையும் பெறாத எலிகளையும் ஒப்பிட்டு முடிவு காண்பர். இம்முறைகளில் இரக்கமுடையோர்க்கு மனம் கூசும். அதனாலேயே நம் நாட்டில் விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனைக்கு நெறிக்குழுவின் இசைவு வேண்டுமெனச் சட்டம் விதித்துள்ளது. வேண்டியதின் மேல் ஓர் உயிரும் வருந்தலாகாது.

எனினும் எலி பெற்ற நலத்தை மீனவன் பெறுவான் என்பதற்கு உறுதி யாது? பிரேசில் ஆய்வாளர் பயன்படுத்தியது மெத்தனாலில் இறக்கிய சாறு. பெரியதாழையிற் கட்டுவது அனலில் வாட்டிய இலை. எலிக்குக் கொடுத்தது உள்மருந்து. மீனவன் இடுவது வெளிக்கட்டு. ஆகவே இச்சோதனைகள் 'மேலும் ஆராய்தற்கு உரியது' என்னும் ஒரு சொல்லையே நமக்கு அளிக்கின்றன. 'மருந்து' என்னும் முத்திரையை அளிக்கவில்லை. இன்னும் முதன்மையான ஐயம் ஒன்றுண்டு. வாட்டிய இலையிலே இரண்டு பொருள்கள் உள்ளன: ஒன்று இலை, மற்றொன்று சூடு. நோவைத் தீர்ப்பது இவற்றுள் எது?

இவ்வினாவுக்கு அருமையானதொரு வழி ஆஸ்திரேலியக் கடற்கரையில் திறந்தது. அந்நாட்டில், சொறியினத்தை ஒத்த நீலநிற உயிரொன்று நீராடுவோரைத் தீண்டி வருத்துவது வழக்கம். தீண்டப்பட்ட 96 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. அவர்களைக் குறிப்பின்றி இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு 45 பாகைச் சூடுள்ள வெந்நீரையும், மற்றொரு கூற்றார்க்குப் பனிக்கட்டியையும் அளித்தனர். இருபது நிமிடங்கள் கழிந்தபின் வினவ, வெந்நீர் பெற்றாருள் நூற்றுக்கு 87 பேர்க்கும், பனிக்கட்டி பெற்றாருள் நூற்றுக்கு 33 பேர்க்கும் நோவு குறைந்திருந்தது. பெரும்பொருட் செலவில்லை, அரிய கருவியில்லை, கடற்கரையும் வெந்நீரும் கடிகாரமும் நேர்மையான வினாவுமே வேண்டியிருந்தன. திருக்கை, கெளுத்தி முதலியவற்றின் நஞ்சுக்கும், தோல் வேகாத அளவிற் பொறுக்கத்தக்க வெந்நீரில் அமிழ்த்துதலையே வைத்தியர் முதலுதவியாகக் கூறுகின்றனர். எங்கள் முதியோரின் வெந்நீர் இவ்வாறு மெய்யென விளங்கிற்று. அடம்பிலையின் வழக்கு இன்னும் தீர்ப்பின்றி நிற்கின்றது.

அவ்வழக்கைத் தீர்க்கும் முறையும் கடினமானதன்று. வெந்நீரின் பயன் தெரிந்தபின் அதனை ஒருவர்க்கு மறுத்தல் அறமாகாது. ஆதலின் முள்ளோ சொறியோ பட்டவர் எல்லோர்க்கும் முதலில் வெந்நீர் உதவியே செய்க. முள் உள்ளே ஒடிந்திருப்பினும், புண் ஆழமாயினும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புக. எஞ்சிய நோவுடையார் இசைந்தால் அவரை இரு கூறாக்குக. ஒருவர்க்கு அடம்பிலையையும், மற்றொருவர்க்கு வாழையிலையையும் மசித்து, ஒரே சூட்டில் வாட்டி, ஒரே துணியில் முடிந்து, புண்ணின்மேற் படாது சுற்றிலும் கட்டுக. எவர்க்கு எது என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்யட்டும். நோவு அறவே இல்லையெனின் 0, பொறுக்கொணாததெனின் 10 எனக் கொண்டு, கால்மணிக்கொருமுறை அவர் சொல்லும் எண்ணைக் குறிக்க. இலையின் மணத்தால் எங்கள் ஊரார் அதனை அறிந்துவிடுவரே எனின், அது மெய்யே. ஆயினும் எண்ணைக் கேட்டெழுதுபவன் கட்டினவனாக இராமல் வேறொருவனாக இருப்பின் பாதிப் பிழை நீங்கும். சூட்டின் பயன் இரு கூற்றார்க்கும் ஒன்றேயாதலின், மிஞ்சும் வேற்றுமை இலையினுடையதாகும். வேற்றுமை இல்லையெனின், அதனையும் மறையாது கூறுக.

இதனை மாணவர் மட்டும் நின்று செய்தல் தகாது, சட்டமும் இசையாது. மனிதரிடத்துச் செய்யும் மருந்துச் சோதனைக்கு நெறிக்குழுவின் இசைவும், பங்குபெறுவோரின் எழுத்து மூலமான உடன்பாடும், தேசியப் பதிவேட்டிற் பதிவும் வேண்டும். ஆனால் உதவி தொலைவில் இல்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி நடந்து வருகின்றது. அங்குள்ள வைத்தியரும், நம் போன்ற கல்லூரிகளின் தாவரநூல், இரசாயன ஆசிரியரும், கரையூர் மக்களும் ஒருங்கு கூடின் ஆகாததொன்றில்லை.

இனித் தடை கூறுவாரை நோக்குவோம். 'பன்னூறாண்டு அனுபவம் போதாதோ? அதனைச் சோதிப்பது முன்னோரை இகழ்வதன்றோ?' என்பது முதற்றடை. அனுபவம் பெரிதே, ஆனால் அதற்கு ஒரு குறையுண்டு. அது வென்ற நாளை நினைவில் வைக்கும். தோற்ற நாளை மறக்கும். சொறியின் நோவு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே தணியும் இயல்பினது. தணியுமுன் எதைக் கட்டினும் கட்டியதற்கே புகழ் சேரும். மேலும், சோதனையால் எப்பச்சிலையின் பெருமையும் குன்றியதில்லை. வில்லோ மரத்துப் பட்டை காய்ச்சலைத் தணிப்பதை எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் சுமார் 50 பேரிடம் சோதித்து, 1763இல் இலண்டன் ராயல் சங்கத்தார்க்கு எழுதினார். 1828இல் அம்மரத்திலிருந்து சாலிசின் பிரிக்கப்பட்டது. அதன் வழியிலே 1897இல் ஆஸ்பிரின் உருவாயிற்று. அது நோவைத் தணிக்கும் காரணத்தை ஜான் வேன் 1971இல் விளக்கினார். இருநூறு ஆண்டுச் சோதனை அம்மரத்தைச் சிறுமைப்படுத்தவில்லை. உலகத்தார் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

'மாத்திரை மலிந்த காலத்தில் இலை எதற்கு?' என்பது இரண்டாவது தடை. மாத்திரை மலிந்ததே ஒரு காரணமாகும். தோள்வலியும் இடுப்புவலியும் கடற்றொழிலாளரை விட்டு நீங்கா. வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கும் டைக்லோபினாக் போன்ற மாத்திரைகளை நாடோறும் விழுங்கின், இரைப்பையிற் புண்ணும் குருதிக்கசிவும் உண்டாகலாம், சிறுநீரகமும் பழுதடையலாம். தோலின்மேல் இடும் ஓர் இலை அம்மாத்திரைகளுள் ஒன்றையேனும் குறைக்குமென்று மெய்ப்பிக்கப்படின், அது சிறு நலமன்று. அவ்விலையே தோலை வேகச்செய்யுமெனில், அதனையும் நாம் அறிந்தாக வேண்டும். பச்சிலை யாவும் தீங்கற்றன என்பது தவறான எண்ணம். எருக்கின் பால் கண்ணிற் படின் வரும் கேட்டை நாட்டுப்புறத்தார் அறிவர்.

'நாம் சோதித்துச் சொன்னால், பிறர் அதனைக் கவர்ந்து பொருளாக்குவர்' என்பது மூன்றாவது தடை. இவ்வச்சத்திற்குக் காரணமுண்டு. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கே 1995இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் குழுவினர் பழஞ்சான்றுகளைக் காட்டி வழக்காடவே, 1997இல் அது நீக்கப்பட்டது. அவ்வழக்கு வென்றது எழுத்துச் சான்றினாலென்பதை மறவாதிருப்போம். எழுதாது மறைத்தவனுக்கு வழக்காட இடமேது? நற்காட்சியும் ஒன்றுண்டு. பொதியமலையின் கேரளப் பக்கத்துக் காணிமக்கள் களைப்புத் தீரத் தின்னும் ஆரோக்கியப்பச்சையை 1987இல் அவர்களிடமிருந்து அறிந்த திருவனந்தபுரத்து ஆராய்ச்சியாளர், அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கி, வந்த உரிமத்தொகையிற் பாதியைக் காணிகளுக்கே அளிக்க ஏற்பாடு செய்தனர். 2002இல் இயற்றப்பட்ட உயிர்ப்பன்மைச் சட்டமும் இத்தகைய பங்கீட்டை வற்புறுத்துகின்றது. அடம்பிலையால் என்றேனும் வருவாய் வருமாயின், கரையூரார்க்குப் பங்கு என்பது முதல்நாளே எழுதப்படல் வேண்டும்.

இவையெல்லாம் விஞ்ஞான வகுப்பார் பணி. தமிழ் மாணவனுக்கு இதில் வேலை யாது என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். வேலை உண்டு. சீன நாட்டு அம்மையார் டூ யூயூ, மலைக்காய்ச்சல் மருந்தைத் தேடுங்கால் ஒரு பச்சிலையைக் காய்ச்சிச் சாறெடுத்தார், பயன் நிலைக்கவில்லை. பின்னர், நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் என்பார் எழுதிய வைத்திய நூலில், அவ்விலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்க என்றிருப்பதைக் கண்டு, சூடே மருந்தைக் கெடுக்கின்றதென உணர்ந்து, குறைந்த வெப்பத்திற் சாறெடுத்து வென்றார். 2015இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. பழநூலின் ஒரு தொடரைக் கூர்ந்து படித்தமையால் விளைந்த பயன் அது. நம் வாகடங்களிலும் இலையின் பெயர் மட்டுமன்றி, பறிக்கும் பருவமும் பக்குவமும் சொல்லப்பட்டுள்ளன. அவற்றைப் பிழையின்றிப் படித்துச் சொல்லத் தமிழறிவு வேண்டும். பெயர் மயக்கமும் பெரிது: வடநாட்டில் பிராமி என்று ஒருவர் காட்டுவது வல்லாரை; மற்றொருவர் காட்டுவது நீர்ப்பிரமி. பெயர் பிழைத்தால் இலை பிழைக்கும். இலை பிழைத்தால் சோதனை முழுதும் பிழைக்கும்.

சொல்லையும் செடியையும் ஒருங்கு கற்றோர் நம் நாட்டு மிஷன் வரலாற்றில் முன்பே இருந்துள்ளனர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர் செடிகளைத் தேடித் தொகுத்தவர். தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் ஆக்கியவர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் மாத்யூ அடிகளார் 1967இல் ராபினாட் உலர்தாவரச் சாலையைத் தொடங்கி, தமிழ்நாட்டுச் செடிகளை ஊர்தோறும் சேகரித்து நூலாக்கினார். அவ்வழி இன்னும் அடைபடவில்லை.

ஆதலின் நம் கல்லூரித் தலைவரையும் ஆசிரியரையும் பழைய மாணவரையும் யான் வேண்டிக்கொள்வது இதுவே. வரும் கோடை விடுமுறையில் தாவரநூல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவருமாக இணைந்து, மணப்பாடு முதலிய கரையூர்கள்தோறும் சென்று, எந்நோவுக்கு எவ்விலையை எம்முறையில் இடுகின்றனர், எப்போது அது பலிக்கவில்லை என்பவற்றை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். இலையை உலர்த்தி, இடமும் நாளும் குறித்து வைக்கட்டும். அக்குறிப்பேடு ஓராண்டில் நிரம்பும்; அதனைக் கொண்டு பாளையங்கோட்டை வைத்தியர் வாயிலை நாம் தட்டலாம். முடிவு இலைக்குச் சார்பாயின் மகிழ்ந்து கொள்வோம். எதிராயின், கரையூரார்க்கு அதனை முதலிற் சென்று சொல்வோம். முள் பட்டவன் இலையைத் தேடி ஓடும் நேரத்தை வெந்நீரிற் செலவிட அதுவே உதவும்.